கப்பா வரை தம்பியிடம், லாம்டா முதல் அக்காவிடம்

நவம்பர் 3

டேய் குண்டா,

கோபம் தீர்ந்துதான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கோபம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன், அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா? சரி, சாப்பிடலாமா?" என்றார். இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். என் தலையெழுத்து.

இன்று காலை எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரை நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து அது மண்டையில் உறைத்தது. படம் எடுத்துவிட்டேன், "விடுங்க" என்று சொல்ல மறந்துபோனேன். மனிதர் முகம் சிவந்து கையை ஆட்டுகிறார். வெளியே நின்ற மகள், "அப்பா, நீங்களே விட்டுடுங்கப்பா!" என்று கத்தினாள். அந்த அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

விஷயம் இதுதான். லூக்கா எழுதின சுவிசேஷத்தில் இரண்டு இடத்தில் 'சத்திரம்' என்று வாசிக்கிறோம். குழந்தை பிறந்த ராத்திரி இடமில்லாமல் போன சத்திரம் ஒன்று. அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்த சத்திரம் இன்னொன்று. தமிழில் ஒரே சொல். கிரேக்கத்தைத் திறந்தேன். ஒரே சொல் இல்லையடா! சமாரியன் போனது பந்தொகெயோன். குழந்தை பிறந்த இடத்தில் இருப்பது கத்தாலுமா. அதே கத்தாலுமா மறுபடி எங்கே வருகிறது தெரியுமா? கடைசி இராப்போஜனத்துக்கு ஆண்டவர் இடம் கேட்டு அனுப்புகிறாரே, அங்கே. அது சத்திரமா? ஒருவருடைய வீட்டு மாடியறை!

அப்பாவின் கிரேக்க அகராதியை எடுக்க அலமாரிக்கு ஓடினேன். ஓடின பிறகுதான் நினைவுக்கு வந்தது, ஆல்ஃபாவிலிருந்து கப்பா வரைக்கும் முதல் பாகம் உன்னிடம் அல்லவா இருக்கிறது. அப்பாவின் நினைவு ஆராதனைக்கு வந்தவளை, அவர் வீட்டில் தங்கவைக்காமல் நீ வேலை பார்க்கும் லாட்ஜில் கொண்டுபோய் வைத்தாய். மறுநாள் நான் இரண்டாம் பாகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ முதல் பாகத்தை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். நல்ல ஜோடி நாம். அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அதில் மாற்றமில்லை.

கணினியில் தேடலாமே என்பாய். தேடினேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பாவின் பென்சில் குறிப்பு எதிலும் இல்லை. கத்தாலுமா என்ற சொல்லுக்கு நேரே இருப்பதை அப்படியே எழுதி அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அக்கா

*

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வேறொன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வரவேற்பு மேசையில் நின்றபடியே பிரித்துவிட்டேன். ஒருவர் சாவி கேட்டு நின்றுகொண்டிருந்தார். "யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்றார். "இல்ல சார், எங்க அக்காவுக்கு ஒரு வார்த்தை அகப்பட்டிருக்கு" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நீ கேட்டது இதோ. 'கத்தாலுமா: பயணிகள் சுமையை இறக்கிவைத்துத் தங்கும் இடம்.' பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் வருகிறது. மோசே குடும்பத்தோடு எகிப்துக்குத் திரும்பும்போது வழியில் தங்கினாரே, அந்த இடத்துக்கும் இதே சொல்தான். நடுவழியில் யாருடைய வீட்டு மாடியறை இருந்தது, சொல் பார்ப்போம். ஆக, சத்திரம் என்று போட்டவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

எனக்கு இதில் ஒரு சுயநலம் இருக்கிறது, மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்த வருஷத்திலிருந்து சபையின் பிறப்பு நாடகத்தில் நான்தான் சத்திரக்காரன். லாந்தரைத் தூக்கிப் பிடித்து, "இடம் இல்லை, போங்கள்!" என்று நான் கதவை அறையும்போது முதல் வரிசைக் குழந்தைகள் அழும். அதைக் கேட்கவென்றே ஜனங்கள் வருகிறார்கள். இந்த வருஷ ஒத்திகை தொடங்கியாயிற்று. கத்தாலுமா மாடியறை என்றால் நான் எங்கே போவேன்?

பந்தொகெயோனுக்கு அப்பா என்ன எழுதியிருக்கிறார்? பை என்ற எழுத்து உன் பாகத்தில்தான் வரும்.

லாட்ஜ் விஷயம் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. நீயே வேண்டாம் என்றாய்.

தம்பி

*

நவம்பர் 14

குண்டா,

என்னிடமே கைவரிசையா? அப்பா எந்தச் சொல்லையும் ஒரு வரியில் விட்டதே கிடையாது. பாதியை எழுதிவிட்டு மீதியை விழுங்கியிருக்கிறாய். மரியாதையாக அனுப்பு.

நான் உன்னை மாதிரி இல்லை. எனக்கு எது சாதகம் எது பாதகம் என்று பார்க்காமல் முழுவதையும் எழுதுகிறேன். 'பந்தொகெயோன்: வந்தவர் எவரையும் ஏற்றுக்கொள்ளும் விடுதி. புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டும்.' பக்கத்தில் அப்பாவின் பென்சில்: 'சொல்லைப் பிய்த்துப் பார்த்துப் பொருள் சொல்லாதே. அதே ஆசிரியர் அதை எங்கெங்கே எப்படிப் புழங்குகிறார் என்று பார்.' எழுதும்போதே அவர் குரல் கேட்கிறது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு நம் இருவர் நடுவிலும் அகராதியை விரித்து வைப்பாரே, அம்மா திட்டிக்கொண்டே இருப்பாளே.

அப்பா சொன்ன முறைப்படியே பார். காசு வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவனைத் தங்கவைக்கும் விடுதிக்கு லூக்காவிடம் வேறு சொல் இருக்கிறது. அதை அவர் இங்கே போடவில்லை. இன்னும் ஒன்று கேள், உட்கார்ந்துகொள். பிறப்பைச் சொல்லும் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சத்திரக்காரன் அதில் கிடையவே கிடையாது! கதவு தட்டுவது இல்லை, லாந்தர் இல்லை, போங்கள் என்று விரட்டும் ஆளும் இல்லை. யோசேப்பு சொந்த ஊருக்கு வருகிறான். சொந்தக்காரர் வீட்டுக்குத்தானே வந்திருப்பான்? விருந்தாளி அறையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. வீட்டார் என்ன செய்தார்கள்? போய் லாட்ஜில் தங்கிக்கொள் என்றார்களா? இல்லையடா! இருந்த வீட்டுக்குள்ளேயே எங்கேயோ இடம் பண்ணிக் கொடுத்தார்கள்!

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் மாடியறையை உன் மாமனார் மாமியாருக்குக் கொடுத்ததற்கு எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டுக் கூரை இடிந்து விழுந்தது, பாவம், எங்கே போவார்கள்? நான் கேட்டது ஓர் அறை இல்லை. படுக்க ஒரு மூலை போதும் எனக்கு. நீ என்ன செய்தாய்? பழத்தட்டும் பூச்செண்டும் வைத்து, வாசலில் இரண்டு பேரை நிறுத்தி, "வெல்கம் மேடம்" என்று சொல்லவைத்தாய். அப்பா போய்ச் சில வாரம்கூட ஆகாத நேரத்தில் நான் 'மேடம்' ஆகிவிட்டேன்.

மீதியை அனுப்பு.

அக்கா

*

நவம்பர் 20

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை எனக்குக் கோபம்தான் வந்தது. அது எங்கள் லாட்ஜிலேயே பெரிய அறை. மூலையில் இருப்பது, இரண்டு பக்கம் ஜன்னல். பெரிய பெரிய அதிகாரிகளுக்குக்கூட நான் எளிதில் கொடுப்பதில்லை. அன்றைக்கு அதில் இருந்தவரைக் கையைக் காலைப் பிடித்து வேறு அறைக்கு மாற்றினேன். படுக்கை விரிப்பை நானே மாட்டினேன். என் அக்கா வருகிறாள், தரையில் படுக்கலாமா என்றுதான் நினைத்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை அறை கொடுப்பதே என் பிழைப்பு. ஒருவருக்கு மரியாதை என்றால் நல்ல அறை என்றுதான் என் புத்தி போகிறது. நீ ஏன் அந்தப் பழத்தட்டை அப்படி முறைத்தாய் என்று இத்தனை நாளாக எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

இரண்டாம் முறை வாசித்ததும் புரிந்தது. இதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வரவேற்பு மேசையில் என்னால் நிற்க முடியாது.

மீதி இதோ. விழுங்கவில்லை, அடுத்த பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். (சரி, விழுங்கினேன்.) 'விருந்தினருக்கென ஒதுக்கிய அறை. இராப்போஜனப் பகுதியில் இந்தப் பொருளே தெளிவு.' கீழே அப்பாவின் பென்சில்: 'பிறப்புப் பகுதிக்கும் இதுவே பொருந்தலாம். ஃபாத்னேயோடு சேர்த்துப் பார்க்க.' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபாத்னே என்றால் குழந்தையைக் கிடத்தின முன்னணைதானே? அதுவும் உன் பாகத்தில்! பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடையாய் நடந்தேன். உடனே எழுது, ப்ளீஸ், விரைவுத் தபாலில் எழுது.

ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதே. ஒத்திகையில் வாயை அடக்க முடியாமல் போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயோ, ஆமாய்யா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நம் சபை மூப்பருக்குத்தான் தாங்கவில்லை. "சத்திரக்காரனை எடுத்துட்டா நாடகத்துல கெட்டவன் யாரு? கெட்டவனே இல்லாம ஒரு நாடகமா?" என்று குதித்தார். ஏரோது ராஜா இருக்கிறாரே என்றேன். "அவரு ரெண்டாவது அங்கத்துலதானே வர்றாரு, அதுவரைக்கும் ஜனங்க யாரைத் திட்டுவாங்க?" என்கிறார். ஒத்திகை அதோடு நின்றது. மரியாளாக நடிக்கும் பெண் வயிற்றில் தலையணையோடு படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

தம்பி

*

நவம்பர் 25

என் தங்கத் தம்பி,

விரைவுத் தபாலிலேயே அனுப்புகிறேன். 'ஃபாத்னே: மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி, தொழுவம்.' ஓய்வுநாளில் எருதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்லுமிடத்திலும் லூக்காவில் இதே சொல். அப்பா ஓரத்தில் ஒரு வீட்டையே படமாக வரைந்திருக்கிறார்! உனக்கும் வரைந்திருக்கிறேன், என் கை கோணல், பொறுத்துக்கொள். எளிய ஜனங்களின் வீடு ஒரே பெரிய அறை. உயரமான பக்கத்தில் குடும்பம் புழங்கும். தாழ்வான பக்கத்தில் ராத்திரியில் மாடு கழுதையைக் கட்டுவார்கள். தீனித்தொட்டி இரண்டுக்கும் நடுவில். அப்படியானால் குழந்தையை எங்கே கிடத்தினார்கள்? ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கொட்டகையில் இல்லை. நடுவீட்டில்! சமைக்கிறவர்களும் தூங்குகிறவர்களும் பேசுகிறவர்களும் இருக்கிற இடத்தில்! அந்த வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்கு வெந்நீர் வைத்திருப்பார்கள், பக்கத்துவீட்டுக்காரி வந்திருப்பாள், யாரோ ஒருத்தி மாட்டை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டு என்று கத்தியிருப்பாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். நீ சொன்ன மோசே கதை இருக்கிறது, ஆகையால் கத்தாலுமாவை வைத்து மட்டும் ஆணையிட்டுச் சொல்லிவிட முடியாது. வழியோரத்து விடுதி என்பவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். அப்பாவும் 'பொருந்தலாம்' என்றுதான் எழுதினார், 'பொருந்தும்' என்று எழுதவில்லை. இதைப் போதகருக்கும் சொல், மூப்பருக்கும் சொல். ஆனால் எனக்கு எது சரியென்று படுகிறது என்று கேட்டால், வீடுதான்.

உன் வேஷத்துக்காக நீ அழ வேண்டாம். லூக்காவில் உண்மையான சத்திரக்காரன் ஒருவன் இருக்கிறான், சமாரியன் கதையில். அடிபட்டவனை யாரென்றே தெரியாது. "இவனைக் கவனித்துக்கொள்" என்று சமாரியன் அவனை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போகிறான். சத்திரக்காரன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதாக எழுதியில்லை. உன் தொழிலுக்கு வேதத்தில் கிடைத்திருக்கும் ஒரே ஆள் நல்லவன். இத்தனை வருஷமாக நீ தப்பான சத்திரக்காரனாக நடித்திருக்கிறாய், மண்டு.

இனி நெருடலான விஷயம். போதகர் வீட்டம்மா எனக்கு எழுதியிருக்கிறார். நாடகத்துக்கு முன்னால் மேடையேறி இந்தச் சொற்களைப் பற்றிப் பேச வேண்டுமாம். எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? குளியலறைக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டேன். அத்தான் கதவைத் தட்டி, "உள்ள யாரு கூட இருக்காங்க?" என்று கேட்டார்.

ஆனால் வந்தால் எங்கே தங்குவேன்? அதை நீதான் சொல்ல வேண்டும். இன்னொரு தரம் என்னால் ஒரு சாவியைக் கையில் வாங்க முடியாது. அதற்கு நான் வராமலே இருந்துவிடுவேன். யோசித்து எழுது. உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் போதகர் வீட்டம்மாவுக்குப் பதில் போடுவேன்.

அக்கா

*

டிசம்பர் 2

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், கடைசிப் பகுதி உட்பட. மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ வரைந்த வீட்டை என் மாமனார் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது மாடா, அடுப்பா?" என்று கேட்டார். மாமியார்தான் மெதுவாக, "அப்படின்னா மாடியறையில இடத்தைப் பிடிச்சிக்கிட்டவங்க நாங்கதானா?" என்றார். மறுநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில், அறையைக் காலி செய்யவென்று தன் தையல் மிஷினைப் படி வழியாகக் கீழே இறக்கப் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரி பார்த்துத் தடுத்திருக்கிறாள்.

"அத்தை, அந்த வீட்டுல யாரும் விருந்தாளியைத் துரத்தலை. துரத்தினதா அக்கா எழுதவும் இல்லை. நீங்க மேலேயே இருங்க" என்றேன். "அப்ப உங்க அக்கா எங்க படுப்பாங்க?" என்றார். இவள் சும்மா இருப்பாளா? "நான்தான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, அண்ணியை நம்ம கூடவே படுக்க வைக்கலாம்னு. இவருதான் பெரிய மேனேஜர் ஆச்சே, அறை போடுறேன்னு கிளம்பிட்டாரு" என்றாள். உன் காதுக்கு எட்ட வேண்டும் என்றே எழுதுகிறேன். அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை.

ஆகவே ஏற்பாடு இது. பிடிக்காவிட்டால் சொல், மாற்ற முடியாது. மாடியறை காலியில்லை. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளியாயிற்று. கூடத்தின் நடுவில் உனக்குப் படுக்கை. சமையலறைக்குப் போகிறவர்கள் உன்னைத் தாண்டித்தான் போவார்கள். மாமனார் விடியற்காலையில் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்க வருவார், உன் காலை மிதித்தாலும் மிதிப்பார். என் சின்னவள் உன் பக்கத்தில்தான் படுப்பேன் என்று இப்போதே தலையணையைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். அவள் தூக்கத்தில் உதைப்பாள். நிம்மதியான தூக்கம் உனக்குக் கிடைக்காது. அத்தானும் பிள்ளைகளும் என்னோடும் பையன்களோடும் உள்ளே நெருக்கியடித்துக்கொள்ளட்டும்.

நாடகச் செய்தி. நீ சொன்னபடி இரண்டு பக்கமும் போதகரிடம் சொன்னேன். முடிவை அவர் என்னிடமே விட்டார். கதவை அறையும் காட்சியை வெட்டிவிடுங்கள் என்று நானே சொன்னேன், அக்கா. சொல்லும்போது கொஞ்சம் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது எனக்கு அந்த வீட்டுக்காரன் வேஷம். வசனமே கிடையாது. வந்தவர்களின் மூட்டையை வாங்கி வைக்க வேண்டும், மாட்டைத் தள்ளிக் கட்ட வேண்டும். மாடாக வருவது யார் தெரியுமா? மூப்பரேதான். மாட்டுக்காவது ஒரு குரல் உண்டு என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒத்திகையில் அவர் "ம்மா" என்றதும் மரியாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நேற்றைய ஒத்திகையில் மூட்டையை வாங்க நான் கையை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டேன். "என்னய்யா ஆச்சு?" என்றார் போதகர். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு ஸ்டேஷனில் உன் பெட்டியை வாங்க நான் கை நீட்டவில்லை, ஒரு சிப்பந்தியை அனுப்பினேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வா அக்கா. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

தம்பி

*

டிசம்பர் 6

தம்பி,

உன் கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். வரிசையில் நிற்கிற நோயாளிகள் எல்லாரும் பார்க்க, கையில் காகிதத்தோடு அழுதுகொண்டே சிரித்தேன். முதலில் நின்ற பாட்டி பயந்துபோய், "என் படத்துல அவ்வளவு மோசமா ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் உள்ளே வந்தாள். அவளுக்கு மறக்காமல் மூச்சு விடச் சொன்னேன்.

போதகர் வீட்டம்மாவுக்குச் சரியென்று எழுதிவிட்டேன். உன் மாமியாரிடம் சொல், தையல் மிஷினை யாரும் தொடக் கூடாது. என் ரவிக்கை ஒன்றைக் கொண்டுவருகிறேன், கையைக் கொஞ்சம் பிடித்துத் தைத்துக் கொடுக்கச் சொல். சின்னவள் உதைத்தால் நானும் திருப்பி உதைப்பேன் என்று அவளிடம் சொல்லி வை.

இரண்டாம் பாகத்தை நான் எடுத்துவரப் போவதில்லை. அது இங்கேயே இருக்கட்டும், முதல் பாகம் அங்கேயே இருக்கட்டும். ஒரே அலமாரியில் இருந்த காலத்தில் நீ எனக்கு ஒரு கடிதம் போட்டதுண்டா?

நாங்கள் நால்வரும் வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், யாரையும் அனுப்பவும் வேண்டாம். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வருவேன். என் வீட்டுக்குப் போக எனக்கு வழி தெரியும்.

அக்கா